மருந்து அடிச்சியா என்று கேட்டவர்

எங்கள் பக்கத்துக்கு ஆறு வருஷம் லைன்மேனாக இருந்தவரைப் பற்றி எழுதுகிறேன். பேர் எழுத மாட்டேன். ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவர் செத்துப்போகவில்லை. மதுராந்தகம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். ஆள் நன்றாகத்தான் இருப்பார். அவரை நினைத்தால் எனக்குத்தான் நன்றாக இருப்பதில்லை.

அவர் யார் வாய்ப்பேச்சையும் நம்பாதவர். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஆடி மாதக் காற்றில் எங்கள் கொல்லை ஓரத்துக் கம்பி அறுந்து விழுந்தது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் டிரான்ஸ்பார்மரில் ஹேண்டிலை இறக்கிவிட்டு வந்தார். லைன்மேன் மொபெட்டில் வந்து இறங்கினார். கம்பத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"இறக்கிட்டியா?"

"இறக்கிட்டேன் சார்."

"நெஜமா?"

"சாமி சத்தியமா சார்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வரப்பு மேல் நடக்க ஆரம்பித்தார். டிரான்ஸ்பார்மர் அரைக் கிலோமீட்டர். போனார், பார்த்தார், திரும்பி வந்தார். வந்த பிறகும் ஏறவில்லை. ஒரு கழியில் சங்கிலியைக் கொக்கியாக மாட்டிக் கம்பி மேல் போட்டு, மறுமுனையை மண்ணில் அடித்து இறக்கிவிட்டுத்தான் ஏறினார். யாராவது தெரியாமல் ஹேண்டிலை ஏற்றினாலும் கரண்ட் மண்ணுக்குள் போய்விடுமாம்.

என் வீட்டுக்காரருக்கு மூஞ்சி சுண்டிப்போனது. "இன்னா சார், எம்மேல நம்பிக்கை இல்லையா?"

மேலேயிருந்து பதில் வந்தது. "இல்ல."

கம்பியை இழுத்து முறுக்கிக்கொண்டே அவரே சொன்னார். "நீ நல்லவன்தான்யா. ஆனா சொன்னவன் வூட்டுக்குப் போயி சோறு துன்னுவான். ஏறினவன்தான் கருகுவான்."

முன்பு வேறு ஊரில் அவரோடு வேலை பார்த்த ஒருவர், ஆஃப் பண்ணியாச்சு என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஏறியிருக்கிறார். அந்தக் கதையை எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதையும் முடிக்கவில்லை. "செருப்பு மட்டும் கீய வுயுந்துது" என்பதோடு நிறுத்திக்கொண்டு டீயைக் குடித்தார்.

இப்படிப்பட்ட ஆள் பூச்சி பிடிக்க ஆரம்பித்தது ஒரு பச்சோந்தியால்.

மழைக்காலத்துக்கு முன்னால் கம்பியில் உரசுகிற கிளைகளை வெட்டுவார்கள். திருப்புலிவனம் போகிற ரோட்டில் ஒரு புங்க மரம். மூங்கில் கழி நுனியில் கத்தியைக் கட்டி அவர்தான் வெட்டினார். கிளை விழுந்ததும் அதோடு ஒரு பச்சோந்தியும் விழுந்தது. முன்னங்கால் ஒன்றின் பாதம் அறுந்துபோயிருந்தது. கத்தி பட்டிருக்கிறது. இலைக்குள் இலையாக இருந்ததை அவர் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் பச்சோந்தியைக் கண்டால் கல்லைத்தான் தேடுவார்கள். விஷம் என்பார்கள், மூச்சு பட்டால் குஷ்டம் என்பார்கள். படித்தவனும் அதைத்தான் சொல்வான். அன்றைக்கும் நாலைந்து பேர் குனிந்தார்கள். நான் புல் கட்டோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் பயம். அதை அடித்துப்போட்டால் தேவலை என்றுதான் நினைத்தேன்.

லைன்மேன் கழியைக் குறுக்கே நீட்டினார். "எவனாவது கல்லெடுத்தீங்க, உங்க தெருவுக்கு ஒரு வாரத்துக்குக் கரண்ட்டு கெடையாது."

சிரித்தார்கள். கல்லைக் கீழே போட்டார்கள். அவர் காக்கிச் சட்டையைக் கழற்றி அதைச் சுற்றி எடுத்து, பனியனோடு வண்டியில் ஏறினார்.

"இன்னாத்துக்குண்ணா உனுக்கு இந்த வேலை?" என்று நான்தான் கேட்டேன்.

"வெட்டினது நானு. நாந்தானே பாக்கணும்?"

உத்திரமேரூரில் மாட்டு டாக்டரம்மா காயத்தைக் கழுவி மருந்து வைத்துக் கொடுத்தார்களாம். கூடவே மூன்று விஷயம் சொல்லியிருக்கிறார்கள். இதை வைத்து வளர்க்கக் கூடாது, சட்டப்படி தப்பு, கால் ஆறியதும் எடுத்த மரத்திலேயே விட்டுவிட வேண்டும். அதுவரைக்கும் உயிரோடு நடமாடுகிற பூச்சியைத்தான் தின்னும், செத்ததைத் திரும்பியும் பார்க்காது. ஒரே பூச்சியைத் தினம் போட்டால் எலும்பு மெலிந்து செத்துவிடும், மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும்.

கடைசி விஷயத்தை அவர் பிடித்துக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் எங்கள் சுற்று வட்டாரத்தில் எந்த வரப்பில் என்ன பூச்சி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மொபெட்டில் கம்பியும் கட்டிங் பிளேயரும் இருக்கும் பையிலேயே மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கும். மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள். ஒன்றில் வெட்டுக்கிளி, ஒன்றில் பாச்சை, ஒன்றில் புழு. கலந்து போட மாட்டார். பாச்சை புழுவைக் கடித்துவிடுமாம்.

டீக்கடைக்கு அவர் வந்தாலே கச்சேரிதான்.

"இன்னா சார், இன்னிக்கு உங்க ஆளுக்கு இன்னா டிபனு? இட்லியா, பூரியா?"

கேலி என்று அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் உட்கார்ந்து பதில் சொல்வார். "நேத்து வெட்டுக்கிளி. இன்னிக்குப் பாச்சை. நாளைக்குப் பச்சைப் புயு ரெண்டு. ஞாயித்துக்கெயம மட்டும் தவிட்டுப் புயு. வாலாஜாபாத் ரைஸ் மில்லுல ஒருத்தர் எடுத்து வெச்சிருப்பாரு. அது கொழுப்பு, அதிகம் குடுக்கக் கூடாது."

"கொழுப்பா? எங்க வூட்ல அதைச் சொல்லிக்கினு ஒருத்தரும் எனக்குச் சோறு குறைக்கலையே சார்."

"நீ ஒரு நாளைக்கு ஓடுற தூரத்துக்கு உனுக்குக் கஞ்சியே கொழுப்புதான்யா."

எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட வெட்டுக்கிளி இருக்கும். பார்க்க அழகாக இருக்கும். அதைத் தொட மாட்டார். எருக்கம்பால் குடித்தது, அதன் உடம்பே விஷம் என்பார். மின்மினியைத் தொட மாட்டார். கம்பளிப்பூச்சி வேண்டாம், முடி தொண்டையில் குத்தும். வண்டு என்றால் ஓடு மெல்லிசா என்று நகத்தால் அழுத்திப் பார்ப்பார். எதைப் பிடித்தாலும் கண்ணருகே கொண்டுபோய் அளவு பார்ப்பார். பச்சோந்தியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதைவிடப் பெரிய பூச்சி ஆகாது. அந்த அளவு அவர் கண்ணிலேயே இருந்தது. மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்பினால் மட்டும் மனுஷன் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்.

ஒரு தடவை மோட்டார் சர்வீஸ் பேர் மாற்ற ஒரு கையெழுத்து வேண்டி உத்திரமேரூரில் அவர் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் பழைய கட்டில் சட்டத்தை நிறுத்திக் கொசுவலை கட்டி, உள்ளே முருங்கைக் கிளை ஒடித்து வைத்திருந்தார். அதில் அது உட்கார்ந்திருந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது, இன்னொரு கண் அவரைப் பார்த்தது. பாதம் இல்லாத காலைக் கிளை மேல் முட்டுக்கொடுத்த மாதிரி வைத்திருந்தது. அவர் ஒரு வெட்டுக்கிளியை எடுத்து, கருக வறுத்து அரைத்த முட்டை ஓட்டுப் பொடியில் லேசாகப் புரட்டி, எதிர்க் கிளையில் விட்டார். அது அசையவில்லை. ரொம்ப நேரம் அசையவில்லை. இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பின. வாயிலிருந்து என்னமோ வந்தது, போனது. வெட்டுக்கிளி இல்லை.

நான் "அம்மாடி" என்று கத்திவிட்டேன்.

அவர் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "பாத்தியா? எனக்குக் கல்யாணமாயி இருபது வருஷம். இன்னா கொழம்பு வேணும்னு எங்கிட்ட ஒரு நாள் கேட்டிருப்பாரா? அதுக்கு மட்டும் நேத்து போட்டத இன்னிக்குப் போட மாட்டாரு. இந்தப் பூச்சிங்களுக்கே தனியா பரங்கிக்கா, முருங்கைக்கீரை நறுக்கிப் போடறாரு. நான் துன்றனோ இல்லையோ, அதுங்க துன்னணும்."

"பூச்சி இன்னா துன்னுதோ அதத்தான் இது துன்னுது. அதுக்கு நல்லது போட்டாத்தான் இதுக்கு நல்லது சேரும்" என்றார்.

அதனால்தான் அந்தக் கேள்வியும் வந்தது. யார் நிலத்தில் கால் வைத்தாலும் முதலில் கேட்பார்.

"மருந்து அடிச்சியா?"

அடித்திருந்தால், எப்போ? என்ன மருந்து? பொடியா, தண்ணியா? பதினைந்து நாள் அந்த நிலத்துப் பக்கம் போக மாட்டார். அடிக்கவில்லை என்றால் இரண்டாவது தடவை கேட்பார். அப்புறம் உட்கார்ந்து செடி அடியில் பார்ப்பார். செத்த எறும்பு கிடக்கிறதா, சிலந்தி வலை பிரியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். மண்ணை எடுத்து மோந்து பார்ப்பார். கம்பத்தில் ஏறுகிறதுக்கு முன்னால் செய்கிற அதே வேலை.

பொய் சொன்னவர்கள் மாட்டிக்கொண்டார்கள். "இல்லன்னியே, தோ பாரு, எறும்பு செத்துக் கெடக்குது" என்று நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு அது சண்டையில்லை. ஆனால் கேட்டவனுக்கு எரியும். கீரை அறுத்த கையோடு மருந்து அடித்து, மூன்றாம் நாள் மறுபடி அறுத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் முழுக்கத் தெரியும். யாரும் பேச மாட்டோம். ஒரு பச்சோந்திக்காக ஒரு லைன்மேன் வந்து அதைச் சத்தம் போட்டுக் கேட்டால் எப்படி இருக்கும்?

"நீ இன்னா விவசாய ஆபீசரா? கரண்ட்டப் பாத்துக்கினு போய்யா" என்று ஒருவர் மண்வெட்டியைத் தூக்கினார்.

"உங்கிட்ட நான் காய் வாங்கலியே. பூச்சிதானே கேட்டேன்" என்றார் லைன்மேன். அதற்கு மேல் அவமானம் என்ன வேண்டும்?

என்னிடம் மட்டும் வேறு மாதிரி. ஆரம்பத்தில் என்னையும் இரண்டு தடவை கேட்டார், என் செடி அடியிலும் மோந்து பார்த்தார். ஒரு தடவை, அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "நேத்துதாண்ணா அடிச்சேன், எறங்காத" என்று தூரத்திலிருந்தே கை காட்டினேன். இன்னொரு தடவை வெண்டைக்கு அடித்ததையும் சொன்னேன். எனக்கு மறைக்கத் தெரியாது, வாய் நிற்காது. அதுதான் காரணம், நேர்மை கீர்மை என்று பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. அதிலிருந்து அவர் என்னை ஒரு தடவைதான் கேட்பார். குனிந்து பார்க்க மாட்டார். "அந்தம்மா சொன்னா சொன்னதுதான்" என்று டீக்கடையில் சொன்னதாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "எனக்கு அரைக் கிலோமீட்டர் நடந்துபோயி பாத்தான், உன்ன நம்பறானாம்" என்று முறைத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்கழி வந்தது. பச்சோந்திக்குக் கால் ஆறிவிட்டது. மொட்டைக் காலை முட்டுக்கொடுத்து ஏறப் பழகிவிட்டது. பொங்கல் கழித்து முதல் வெள்ளிக்கிழமை அதே புங்க மரத்தில் விடுகிறேன் என்றார். அதுவரைக்கும் உடம்பு ஏற்றி அனுப்ப வேண்டும் என்று தினம் அலைந்தார்.

அந்த வருஷம்தான் எனக்கு ஒரகடம் பக்கத்திலிருந்து வேன் வர ஆரம்பித்திருந்தது. அங்கே பெரிய பெரிய அடுக்கு வீடுகள். மருந்து அடிக்காத காய்தான் வேண்டும் என்று ஒரு கூட்டம் சேர்ந்து கேட்டிருக்கிறது. சனிக்கிழமை காலையில் வேன் வரும். நான் வேனுக்கென்று ஒதுக்கின நாலு வரிசைக் கத்திரிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்துக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தேன். அந்த மார்கழியில் கத்திரியில் காய்ப்புழு இறங்கியது. பத்துக் காய் பறித்தால் ஆறில் ஓட்டை. வேன்காரன் ஓட்டைக் காயைத் திருப்பிக் கொடுத்தான். மருந்தில்லாத காய் கேட்கிறவன் ஓட்டையுள்ள காயை வாங்க மாட்டான். அவனுக்குப் புழுவும் கூடாது, மருந்தும் கூடாது. வெளியே வந்து வெயிலில் நின்று பார்த்தால் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அடித்துவிட்டேன். கடைக்காரன் கொடுத்ததை, அவன் சொன்னதைவிட ஒரு மூடி அதிகமாகவே ஊற்றி அடித்தேன்.

சனிக்கிழமை காலையில் வேன் நிற்கிறது. வேன்காரன் கூடையை ஏற்றிக்கொண்டிருக்கிறான். பனி இன்னும் விலகவில்லை. லைன்மேன் மொபெட்டை நிறுத்திவிட்டு வரப்பில் வருகிறார். வேன்காரனைத் தாண்டும்போதே கேட்கிறார், எப்போதும்போல சத்தமாக.

"இன்னா தங்கச்சி, மருந்து கிருந்து அடிச்சியா?"

வேன்காரன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"இல்லண்ணா" என்றேன்.

ஒரு தடவைதான் கேட்டார். கத்திரிக்குள் இறங்கினார். வெட்டுக்கிளிகள் அன்றைக்குச் சுலபமாக மாட்டின. குதிக்கவே இல்லை. கையை நீட்டினால் வந்தன.

"குளிருல்ல? சோம்பிக்கினு கீது பாரு" என்றார். பனிக் காலையில் பூச்சிகள் அப்படித்தான் இருக்கும், அதனால் அவர் நினைத்ததில் தப்பில்லை. எனக்குத்தான் தெரியும், அது குளிர் இல்லை. நாலு வெட்டுக்கிளி, ஒரு பச்சைப் புழு. அளவு பார்த்துப் பார்த்து டப்பாவில் போட்டார்.

வேன் போய்விட்டது. அவர் இன்னும் அங்கேதான் நின்றார். யாரோ லைன் போச்சு என்று போனில் கூப்பிட, பேசிக்கொண்டே மொபெட்டை உதைத்தார். அப்போது சொல்லியிருக்கலாம். என் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. "அண்ணா, அதக் கொட்டிடு" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னால் வேன்காரன் எதிரில் பொய் சொன்னதாக ஆகும், அதை இவர் டீக்கடையில் சொல்வார், அது வேன்காரன் காதுக்குப் போகும். இதையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் நான் நினைத்தேன். அந்தப் பூச்சியைத் தின்னப்போகிற பச்சோந்தியை நினைக்கவில்லை. நினைத்தேன். நினைத்துவிட்டு, ஒண்ணும் ஆகாது, நாலு பூச்சிதானே என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார். டப்பா இல்லை, பை இல்லை. மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"போயிடுச்சு" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலமே கிளையைப் பிடிக்க முடியாமல் விழுந்திருக்கிறது. தூக்கி வைத்தால் மறுபடி விழுந்திருக்கிறது. உடம்பு கறுத்து, கால் நடுங்கி, வாயைத் திறந்தபடியே ஞாயிறு முழுக்க இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி கிடையாது என்று திங்கள் காலையில் டாக்டரம்மாவிடம் எடுத்துப் போயிருக்கிறார். வழியிலேயே செத்துவிட்டது. எதையோ விஷமாகத் தின்றிருக்கிறது என்று அவர்கள் சொன்னார்களாம்.

"உன் கொல்லை ஓரத்துல எருக்கு கீதில்ல? அந்த வெட்டுக்கிளிங்கள்ல ஒண்ணு அதுலேர்ந்து வந்திருக்குமா? மஞ்சக் கோடு இருந்துதா? நீ பக்கத்துலதானே நின்ன. நான் அளவ மட்டும் பாத்துக்கினு கோடு பாக்காம போட்டனோன்னு கீது."

என்னிடம் வந்து அதைக் கேட்கிறார். தான் என்ன தப்பு செய்தோம் என்று என்னிடம் வந்து கேட்கிறார்.

"தெரியலண்ணா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "நாந்தான் போட்டிருப்பேன்" என்று எழுந்தார். அப்படியே போயிருப்பார். ஆமாம், ஒண்ணு மஞ்சளா இருந்தது என்று நான் சொல்லியிருந்தால் அதையும் நம்பிக்கொண்டு போயிருப்பார். இந்த மனுஷனுக்குக் கம்பத்து அடியில் இருக்கிற புத்தி என் எதிரில் எங்கே போனது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தில்தான் சொன்னேன். நல்ல மனசில் சொல்லவில்லை.

"எருக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. மருந்து அடிச்சிருந்தேன். வியாயக்கெயம சாயந்திரம்."

அவர் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டினால் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. புழு விழுந்தது, வேன்காரன் நின்றான், நீ ஏன் சத்தமாகக் கேட்டாய் என்று எல்லாம் இருந்தது. அவர் கேட்டது வேறு.

"அந்தக் காய் யாருக்குப் போச்சு?"

"வேனுக்கு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"நீங்க துன்னலியா?"

என் கை தானாகக் கிணற்றுப் பக்கம் நீண்டது. அங்கே வீட்டுக்கென்று பத்துச் செடி தனியாக வைத்திருந்தேன். அதற்கு மருந்து அடிக்க மாட்டேன். என் பிள்ளைகள் தின்கிறது. எங்கள் ஊரில் எல்லார் நிலத்திலும் அப்படி ஒரு மூலை இருக்கும்.

அவர் அங்கே நடந்துபோனார். செடிகள் முன்னால் குந்தினார். இலையெல்லாம் சல்லடை. ஒரு காயைப் பறித்துப் பிளந்தார். உள்ளே புழு நெளிந்தது. அது அவர் விரலில் ஏறியது. விரலைக் கண்ணருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்து, அளவு பார்த்தார். பிறகு விரலை இலையோடு ஒட்டி வைத்து, அது இறங்கும்வரை காத்திருந்தார்.

எழுந்து வந்து சொன்னார். "நான் ரெண்டாவது தபா கேட்டிருக்கணும். கேக்காம வுட்டது என் தப்பு."

அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் நாலு திட்டித் தீர்த்திருப்பேன். டீக்கடையிலும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வாரா சொல்வாரா என்று ஒரு மாதம் பார்த்தேன். சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்கள் பக்கத்திலேயே வேலை பார்த்தார். மோட்டார் கெட்டால் வந்தார், செய்தார், போனார். தங்கச்சி என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. "என்னம்மா" என்பார், ஊரில் எல்லாப் பொம்பளையையும் சொல்வதுபோல.

அவரிடம் உண்மையைச் சொன்ன அதே வாரம், சனிக்கிழமை வேன் வந்தபோது, ஏற்றுவதற்கு முன்னால் வேன்காரனிடம் சொல்லிவிட்டேன். "போன வாரம் மருந்து அடிச்சது. இதுலயும் இருக்கும்."

அவன் ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பளபளவென்று இருந்தது, ஒரு ஓட்டை இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"யக்கா, எங்கிட்ட சொன்னத வேற யார்கிட்டயும் சொல்லாத. அவங்க இன்னா மெஷின் வெச்சா பாக்கப் போறாங்க? ஏத்து."

ஏற்றினேன். அதையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இதுவரைக்கும் எழுதினது பொய். அன்றைக்கு மூன்று கூடையையும் நானே தூக்கி ஏற்றினேன்.

அதற்கு அடுத்த வாரம் வேனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேப்பங்கொட்டையை நம்பி இரண்டு பருவம் முயன்றேன், கட்டுப்படியாகவில்லை. இப்போது மருந்து அடிக்கிறேன். காயைச் சந்தையில் போடுகிறேன். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், எடை சரியா என்று பார்க்கிறார்கள். மருந்து அடிச்சியா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் தினம் கூடையை இறக்குகிறேன்.